பக்கத்து பெட்டுக்காரர் டோஸ் உங்க டோஸ் இல்ல

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், ஏசிட்ரோம் மாத்திரை சாப்பிடறவங்களும் அவங்க வீட்டுல இருக்கறவங்களும் இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. இழை நீளம்தான். நைட் டூட்டி முடிச்சு வந்து எழுதறேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சிடுங்க.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த காலம். மெடிசின் வார்டுல அடுத்தடுத்த ரெண்டு பெட்டு. ஒருத்தர் திருமழிசைப் பக்கம் வெல்டிங் பட்டறை வச்சிருந்தவர். இன்னொருத்தர் பூந்தமல்லியில பூ வியாபாரம். ரெண்டு பேருக்கும் நாற்பத்தஞ்சை ஒட்டின வயசு, எடை அறுபது கிலோ சொச்சம். வியாதியும் ஒண்ணுதான்: கால்ல இருக்கற பெரிய ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு கட்டி. ரெண்டு பேருக்கும் ஹெபரின் ஊசி போட்டு, கூடவே வார்ஃபரின் 5 மில்லிகிராம் ஆரம்பிச்சோம். கேஸ் ஷீட்ல எழுதினது என் கைதான்.

அஞ்சாம் நாள் காலைல ஐ.என்.ஆர். ரிப்போர்ட் வருது. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டற டெஸ்ட் அது. மாத்திரை சாப்பிடாதவங்களுக்கு 1 இருக்கும். இவங்களுக்கு நாங்க எதிர்பார்த்தது 2-லேருந்து 3. பூக்காரருக்கு 1.3. அதாவது மாத்திரை இன்னும் வேலையே ஆரம்பிக்கல. வெல்டருக்கு 6.8. சாம்பிள் மாறிடுச்சுன்னு நினைச்சு திரும்ப ரத்தம் எடுத்து அனுப்பினேன். மறுபடியும் அதே. போய்ப் பார்த்தா மனுஷனுக்கு ஈறுல ரத்தம் கசியுது, யூரின் சிவப்பா போகுது. காலைலேருந்தே அப்படித்தானாம், சூடுன்னு நினைச்சு மோர் வாங்கி வரச் சொல்லியிருக்கார்.

மாத்திரையை நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்து, ரெண்டு நாள்ல சரியாச்சு. கடைசியா வெல்டருக்குப் பொருந்தின டோஸ் 2 மில்லிகிராம். பூக்காரருக்கு 8. ஒரே ஊர்ப்பக்கம், ஒரே வயசு, ஒரே சாப்பாடு, நாலு மடங்கு வித்தியாசம்.

அவங்களுக்கு மரபணு டெஸ்ட் யாரும் எடுக்கல, அதனால ஜீன்தான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இந்த மாதிரி வித்தியாசத்துக்குப் பின்னாடி பெரும்பாலும் என்ன இருக்குன்னு இன்னைக்கு நல்லாவே தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த இழை.

ரத்தம் உறையறதுக்கான பொருட்களில் சிலதை கல்லீரல் வைட்டமின் கே-யை வச்சுத்தான் தயார் பண்ணுது. ஒரு தடவை பயன்படுத்தின வைட்டமின் கே காலியான தண்ணி கேன் மாதிரி. தூக்கிப் போடறதில்ல, திரும்ப நிரப்பி அனுப்பணும். நிரப்பற ஸ்டேஷனோட பேரு வி.கே.ஓ.ஆர்.சி.1. வார்ஃபரினும் ஏசிட்ரோமும் அந்த ஸ்டேஷனைத்தான் பூட்டுது. கேன் வராது, ரத்தம் சீக்கிரம் உறையாது. "பிளட் தின்னர்"னு பேரு, ஆனா ரத்தம் தண்ணி மாதிரி மெலிசாகறது எல்லாம் கிடையாது.

சிலருக்குப் பிறவியிலேயே இந்த ஸ்டேஷன் சின்னது. கொஞ்சம் மாத்திரை போட்டாலே மூடிடும். அவங்களுக்குக் குறைஞ்ச டோஸ் போதும்.

இன்னொரு பக்கம், சாப்பிட்ட மாத்திரையை உடம்புலேருந்து வெளியேத்த கல்லீரல்ல ஒரு நொதி இருக்கு, சி.ஒய்.பி.2சி9. அதுலயும் பல வகை. "ஸ்டார் 3"ங்கற வகை வந்தவங்களுக்கு மாத்திரை மெதுவாத்தான் வெளியேறும். மழைக்காலத்துல எங்க நசரத்பேட்டை சர்வீஸ் ரோட்டுல தண்ணி வடியற வேகத்துல. நேத்து போட்டது போறதுக்குள்ள இன்னைக்குப் போட்டது சேர்ந்துடும்.

இந்த ரெண்டும் சேர்ந்தா வித்தியாசம் எவ்வளவு வரும்? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-ல வார்ஃபரின் விவரக்குறிப்புல ஒரு அட்டவணை சேர்த்தது. ரெண்டு ஜீனும் சாதாரணமா இருந்தா ஒரு நாளைக்கு 5-லேருந்து 7 மில்லிகிராம். ரெண்டுலயும் உச்சபட்ச மாற்றம் இருந்தா 0.5-லேருந்து 2. ஒரே மாத்திரைதான்.

சரி, தமிழ்நாட்டுக் கணக்கு என்ன?

புதுச்சேரி ஜிப்மர்ல பேராசிரியர் ஆதித்தன் குழு 2003-லயே தமிழ்நாட்டு மக்கள்கிட்ட இந்த 2சி9 வகைகள் எவ்வளவு இருக்குன்னு ஆய்வு வெளியிட்டாங்க. பல வருஷம் கழிச்சு அதே ஜிப்மர்லேருந்து, தென்னிந்தியர்களுக்கு ஏசிட்ரோம் டோஸ் கணக்கிட ஒரு சூத்திரமே வந்தது. நம்ம ஊர்ல வேலை நடக்கலன்னு சொல்லவே முடியாது. நாமதான் எடுத்துப் படிக்கல. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன், எம்.பி.பி.எஸ். படிக்கும்போது இது எனக்குத் தெரியாது.

தெற்காசியர்கள்கிட்ட அந்த "சின்ன ஸ்டேஷன்" வகை ஜீன், நூறு பிரதி எடுத்தா சுமார் 15-ல இருக்கும். சீனா, ஜப்பான் பக்கம் அது சுமார் 90. ஐரோப்பியர்களுக்கு 40-ஐ ஒட்டி. ஆப்பிரிக்கர்களுக்கு பத்துக்கும் கீழ, இல்ல அதை ஒட்டி. ஆனா "மெதுவா வடியற" ஸ்டார் 3 நம்மகிட்ட நூத்துக்குப் பத்தை ஒட்டி இருக்கு, ஐரோப்பியர்களைவிட அதிகம். சீனர்கள்கிட்ட அது கம்மி.

பாருங்க, ஒரு ஜீன் நம்ம சராசரியை மேல தள்ளுது, இன்னொண்ணு கீழ இழுக்குது. ஒவ்வொருத்தருக்கும் அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதி. பெருக்கிப் பார்த்தா நம்ம பத்து பேர்ல ஆறு பேருக்கு ரெண்டு மாற்றமும் இல்ல, நாலு பேருக்கு ஏதாவது ஒண்ணாவது இருக்கும். அந்த நாலு பேர்ல யார் யாருன்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்கே மாறும்.

இங்கதான் எனக்குக் கோபம் வர்ற விஷயம்.

நிறைய மருத்துவப் புத்தகத்துலயும் ஆப்லயும் "ஏசியர்களுக்கு வார்ஃபரின் குறைவா ஆரம்பிக்கவும்"னு ஒரு வரி இருக்கும். யார் அந்த ஏசியர்? 2009-ல வந்த பெரிய சர்வதேச ஆய்வு ஒண்ணு, பல நாட்டு நோயாளிகள் விவரத்தை வச்சு டோஸ் சூத்திரம் போட்டாங்க. நல்ல வேலைதான், குறை சொல்லல. ஆனா அதுல ஆசியர்ங்கறது ஒரே கட்டம். அந்தக் கட்டத்துல இருந்தவங்க பெரும்பாலும் கிழக்கு ஆசியர்கள். அந்த ஆய்வோட ஜீன் இல்லாத சூத்திரத்துல நான் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன்: 40 வயசு, 160 சென்டிமீட்டர், 60 கிலோ. நாளைக்கு ஏறக்குறைய 4.7 மில்லிகிராம் வருது. "ஏசியன்"னு ஒரு டிக் போட்டா 3.6. அதே ஆள், அதே உடம்பு. டோக்கியோக்காரரோட ஜீனை நசரத்பேட்டைக்காரர் தலையில கட்டிட்டாங்க.

இது தப்புன்னு காட்ட ரொம்ப தூரம் போக வேணாம், சிங்கப்பூரே போதும். சீனர், மலாய், இந்தியர் மூணு பேரும் ஒரே ஆஸ்பத்திரிக்கு வர்ற ஊர். அங்க இருக்கற இந்தியர்ல பாதிக்கு மேல தமிழர்கள். 2006-ல வந்த ஆய்வுல, இந்திய நோயாளிகளுக்கு மத்த ரெண்டு இனத்தாரைவிட வார்ஃபரின் அதிகம் தேவைப்பட்டது, அந்த வித்தியாசத்துக்குக் காரணம் வி.கே.ஓ.ஆர்.சி.1-தான்னு காட்டினாங்க. ஒரே தீவு, ஒரே காத்து, ஒரே ஹாக்கர் சென்டர் சாப்பாடு. மூணு பேருமே "ஏசியன்".

டோஸ் கம்மியா இருந்தா சேஃப்தானேன்னு ஒரு எண்ணம் டாக்டர்களுக்கும் உண்டு. இல்லவே இல்ல. உலோக வால்வு வச்சவருக்கு ஐ.என்.ஆர். 1.5-லயே நின்னா, வால்வு மேல ரத்தக்கட்டி வரும். அது வால்வை அசையவிடாம பிடிச்சிக்கலாம், இல்ல பிய்ச்சுக்கிட்டு மூளைக்குப் போகலாம். ரத்தம் கசிஞ்சா கண்ணுக்குத் தெரியும், பயந்து ஓடி வருவாங்க. கட்டி சேர்றது வெளியே தெரியாது. பக்கவாதம் வந்த பிறகுதான் தெரியும்.

"அப்போ ஏசியன் கட்டத்தை எடுத்துட்டு தமிழன்னு ஒரு கட்டம் வைக்கலாமா?"

வேணாங்க. அமெரிக்காவுல 2013-ல ஒரு ஆய்வு முடிவு வந்தது. ஜீன் பார்த்து டோஸ் கொடுத்தா நல்லா இருக்குமான்னு சோதிச்சாங்க. மொத்தத்துல லாபம் இல்ல, கறுப்பின நோயாளிகளுக்கு இன்னும் மோசமாவே போச்சு. ஏன்னா ஐரோப்பியர்கள்கிட்ட இருக்கற வகைகளை மட்டும்தான் டெஸ்ட்ல பார்த்தாங்க. ஆப்பிரிக்க வம்சாவளியில காணப்படற வேற வகைகளைப் பார்க்கவே இல்ல. அதே வருஷம் ஐரோப்பாவுல நடந்த ஆய்வுல ஜீன் பார்த்தது பலன் கொடுத்தது. யாரை வச்சு டெஸ்ட் தயார் பண்ணாங்களோ அவங்களுக்குத்தான் அது வேலை செய்யுது. தமிழன்னு ஒரு கட்டம் போட்டா, நாளைக்கு அதுக்குள்ள சாதிக்கு ஒரு கட்டம் கேப்பாங்க. ஓ.பி.யில உட்கார்ந்து நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு கேட்டு டோஸ் எழுதற நிலைமை எனக்கு வேணாம். அந்தக் கேள்விக்கு வர்ற பதிலை வச்சு அந்த வெல்டரோட ரத்தக்கசிவைத் தடுத்திருக்கவும் முடியாது.

மக்கள்தொகை சராசரி, ஆராய்ச்சி பண்றவங்களுக்கு வேணும். எந்த வகையைத் தேடணும்னு அது சொல்லும். ஜீனோம் இந்தியா திட்டத்துல 10,000 இந்தியர்களோட மரபணுத் தகவலை 2025 ஜனவரியில ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டாங்க, சந்தோஷம். ஆனா எதிர்ல உட்கார்ந்திருக்கற ஒருத்தருக்கு டோஸ் எழுத அது போதாது.

இதே கதை க்ளோபிடோக்ரெல் மாத்திரையிலயும் உண்டு, ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட் வச்சவங்க சாப்பிடறது. அதை உடம்புல வேலை செய்ய வைக்கற நொதி வேற, சி.ஒய்.பி.2சி19. அது சரியா வேலை செய்யாத வகை தெற்காசியர்கள்கிட்ட அதிகம், மூணு பிரதியில ஒண்ணு. பிரிட்டன்ல பக்கவாத நோயாளிகளுக்கு இந்த ஜீன் டெஸ்ட் எடுக்கலாம்னு 2024-ல பரிந்துரையே வந்தாச்சு. அது தனி இழைக்கான விஷயம். இதைப் படிச்சிட்டு ஸ்டென்ட் வச்சவங்க யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க, அது உயிருக்கே ஆபத்து.

"எல்லாருக்கும் ஜீன் டெஸ்ட் எடுத்துடலாமே டாக்டர்?"

வசதி இருந்தா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரிசல்ட் கையில கிடைச்சா, நல்லதுதான். ஆனா ஜீன் எல்லாத்தையும் சொல்லாது. ஜீன், வயசு, எடை எல்லாம் சேர்த்தாலும் டோஸ் வித்தியாசத்துல ஏறக்குறைய பாதியைத்தான் விளக்க முடியுது. மீதிப் பாதி கல்லீரல், சாப்பாடு, குடி, கூட சாப்பிடற மத்த மாத்திரைகள். அதையெல்லாம் சேர்த்துக் காட்டற டெஸ்ட் ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கு. அதுதான் ஐ.என்.ஆர். ஜீன் என்ன செய்ய வாய்ப்பிருக்குன்னு மரபணு டெஸ்ட் சொல்லும், உடம்பு இந்த வாரம் நிஜமா என்ன செய்யுதுன்னு ஐ.என்.ஆர். சொல்லும். வெல்டருக்கு நான் மூணாம் நாளே ஐ.என்.ஆர். பார்த்திருந்தா 6.8 வரைக்கும் போயிருக்காது. அது என் தப்பு. அதுக்கு மரபணு விஞ்ஞானம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

என்னோட கருத்து இதுதான்: தனியார் லேப்ல பல ஆயிரத்துக்கு டி.என்.ஏ. பேக்கேஜ் விக்கறதுக்கு முன்னாடி, ஐ.என்.ஆர். டெஸ்ட் நோயாளியோட வீட்டுப் பக்கத்துல கிடைக்கணும்.

"இப்ப யாரு சார் வார்ஃபரின் எல்லாம்"னு நகரத்துல சில டாக்டர்கள் கேக்கறாங்க. புது மாத்திரைகள் வந்தாச்சு, ஐ.என்.ஆர். தேவையில்ல, உண்மைதான். ஆனா உலோக வால்வு வச்சவங்களுக்கு அது ஆகாது, 2012-லயே சோதிச்சுப் பார்த்து ஆபத்துன்னு நிறுத்திட்டாங்க. சின்ன வயசுல தொண்டைப் புண், மூட்டுவலி வந்து, அதுல இதய வால்வு சுருங்கி, துடிப்பும் தாறுமாறானவங்களுக்கும் பழைய மாத்திரைதான் மேல்னு 2022-ல இன்விக்டஸ் ஆய்வு காட்டிச்சு. நம்ம டெல்லி எய்ம்ஸ் டாக்டர் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்தினது, 24 நாடு, 4,500-க்கும் மேல நோயாளிகள். பணக்கார நாடுகள்ல இந்த வால்வு வியாதி அனேகமா மறைஞ்சு போச்சு. எங்க ஓ.பி.யில வாரா வாரம் பார்க்கறேன். பெரும்பாலும் பொண்ணுங்க, முப்பது நாற்பது வயசு.

அப்படி ஒரு அக்கா. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில ஹவுஸ்கீப்பிங் வேலை. வால்வு ஆபரேஷன் அரசு காப்பீட்டுல இலவசமா முடிஞ்சுது, பல லட்ச ரூபா வேலை. அதுக்கு நம்ம மாநிலத்தைப் பாராட்டியே ஆகணும். ஆனா அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க மாசா மாசம் பார்க்க வேண்டிய டெஸ்ட்டுக்கு? விடியக்காலை கிளம்பி பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து சிட்டிக்கு ஒரு பஸ், பெரியாஸ்பத்திரியில ரத்தம் கொடுத்துட்டு வரிசை, ரிப்போர்ட்டுக்கு இன்னொரு வரிசை. ஒரு நாள் சம்பளம் போச்சு. சூப்பர்வைசர்கிட்ட திட்டு வேற. பக்கத்துல தனியார் லேப்ல எடுத்தா சில நூறு ரூபா. அக்கா என்ன பண்ணாங்க? ஏழு மாசமா டெஸ்ட் எடுக்கல. "மாத்திரை தவறாம போடறேனே சார், நல்லாத்தானே இருக்கேன்"னாங்க. ஐ.என்.ஆர். பார்த்தா 1.4. அவங்களுக்கு இருக்க வேண்டியது 2.5-லேருந்து 3.5.

நடுவுல என்ன நடந்திருக்குன்னா, ஒரு இடத்துல காய்ச்சலுக்குப் போனப்போ அட்டையைப் பார்த்து "7 மில்லிகிராமா? நம்ம ஆளுங்களுக்கு இவ்வளவு தேவையில்லம்மா, 4 போதும்"னு மாத்தி எழுதிட்டாங்க. டெஸ்ட் எடுக்காமலே. அக்காவும் கேள்வி கேக்கல. டாக்டர் சொன்னா சரியாத்தானே இருக்கும்.

எக்கோ எடுத்துப் பார்த்தோம், நல்லவேளை வால்வுல கட்டி எதுவும் இல்ல. அன்னைக்கு எனக்குத்தான் சாப்பாடு இறங்கல.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல 2021-லேருந்து பி.பி., சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகுது. சுகர் பார்க்கற மாதிரியே விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். பார்க்கற கையடக்க மெஷின் இருக்கு. ஸ்ட்ரிப் விலை அதிகம்தான், தெரியும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு மெஷின், மாசத்துல ஒரு நாள் "ஐ.என்.ஆர். நாள்", டோஸை மாத்தத் தெரிஞ்ச ஒரு டாக்டர் போன்ல. பக்கவாதம் வந்து படுத்தவருக்கு ஆகற செலவோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல. இலவசமா வால்வு வச்ச அரசுக்கு அந்த வால்வைக் காப்பாத்தற பொறுப்பும் இருக்குன்னு அரசு ஊழியனாவே சொல்றேன்.

அது வர்ற வரைக்கும் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு சில விஷயம்.

வார்ஃபரினும் ஏசிட்ரோமும் ஒரே வேலை செய்யற, ஆனா வேற வேற மருந்து. ஏசிட்ரோம் 2 மில்லிகிராம் சாப்பிட்டவர் வார்ஃபரின் 2-க்கு மாறினா டோஸ் பாதியா குறைஞ்ச மாதிரி. மெடிக்கல் ஷாப்ல "அது இல்ல, இதுவும் அதேதான்"னு கொடுத்தா வாங்காதீங்க.

கீரை சாப்பிடவே கூடாதுன்னு யாரோ கிளப்பிவிட்டிருக்காங்க. சாப்பிடலாம். வாரத்துக்கு ரெண்டு நாள்னா எப்பவும் ரெண்டு நாள். மூணு மாசம் தொடாம இருந்துட்டு ஆடி மாசம் முழுக்க முருங்கைக்கீரைன்னு இறங்காதீங்க.

வயித்துப்போக்குக்கு மெட்ரோனிடசோல், படர்தாமரைக்கு ஃப்ளூகோனசோல் மாத்திரை, இதெல்லாம் ஐ.என்.ஆரை சட்டுன்னு ஏத்தும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்காதீங்க. எந்த டாக்டரைப் பார்த்தாலும் உட்கார்ந்த உடனே முதல் வார்த்தையா "நான் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறேன்"னு சொல்லுங்க. நாட்டு மருந்து வாங்கினாலும் அப்படியே.

குழந்தை பெத்துக்கற வயசுல இருக்கற பொண்ணுங்க, நாள் தள்ளிப்போனா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. வார்ஃபரின் கருவைப் பாதிக்கலாம், 5 மில்லிகிராமுக்கு மேல சாப்பிடறவங்களுக்கு ஆபத்து கூடுதல். நீங்களா நிறுத்தவும் கூடாது, அது உங்க உயிருக்கு ஆபத்து.

மலம் கறுப்பா தார் மாதிரி போனா, தலையில அடிபட்டா, திடீர்னு கடுமையான தலைவலி வந்தா, கை கால் மரத்தா, வால்வோட "டிக் டிக்" சத்தம் மங்கினா நேரா எமர்ஜென்சி. 108-ஐக் கூப்பிடுங்க.

எலி மருந்தாமே இதுன்னு பேரன் யூடியூப்ல பார்த்துட்டு வந்து தாத்தா மாத்திரையை நிறுத்தின கேஸும் பார்த்திருக்கேன். உண்மைதான், 1940-கள்ல எலிக்குத்தான் வித்தாங்க. 1955-ல ஹார்ட் அட்டாக் வந்தப்போ அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் இதைத்தான் கொடுத்தாங்க. அளவுதான் விஷயம், அந்த அளவு ஆளுக்கு ஆள் வேற.

யாரும் உங்க டோஸ் அதிகம், கம்மின்னு சொன்னா, "கடைசி ஐ.என்.ஆர். எவ்வளவுன்னு பார்த்துட்டு சொல்றீங்களா"ன்னு தைரியமா கேளுங்க. டாக்டர் கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும். என்கிட்டயும் கேளுங்க. இதைப் படிச்சிட்டு நீங்களா டோஸை ஏத்தறதோ இறக்கறதோ மட்டும் வேணாம்.

அந்த அக்காவுக்கு இப்போ டோஸ் ஏழரை. போன வாரம் ஐ.என்.ஆர். 2.8. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பையன் கையால தேதி, ஐ.என்.ஆர்., டோஸ்னு மூணு கட்டம் போட்டு எடுத்துட்டு வர்றாங்க. அடுத்த டெஸ்ட் தேதியைச் சிவப்பு மையில எழுதியிருந்தான் பையன். அன்னைக்கும் அவங்களுக்கு சம்பளம் கிடையாது.